பேராறு: கந்தளாய்க் குளக்கட்டிலிருந்து தம்பலகாமக் குடா வரை

கப்பல்துறையில் கப்பல் இல்லை. திருகோணமலை நகரிலிருந்து கண்டி வீதியால் வரும் பஸ்ஸில் இந்த ஊரில் இறங்குபவருக்குக் கண்ணில் படுவது தார்வீதி, பற்றைக்காடு, வீடுகள், ஆயுர்வேத வைத்தியசாலை, கைத்தொழில் பேட்டை. கடல் தெரியாது. ஆனாலும் யாரோ ஒரு காலத்தில் இந்த இடத்துக்குத் துறை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தெற்குப் பக்கமாகக் காட்டையும் வயலையும் தாண்டினால் தம்பலகாமக் குடா வருகிறது. மூன்று பக்கமும் நிலம் சூழ்ந்து, கிண்ணியாவில் மட்டும் வாய் திறந்து கொட்டியாரக் குடாவோடு கலக்கும் ஆழங்குறைந்த நீர்ப்பரப்பு அது. பிரித்தானியர் அதை ஏரி என்றே எழுதினார்கள். நம்மில் பலர் களப்பு என்கிறோம்.

அந்தக் களப்புக்குள் விழும் ஆறுகளில் முக்கியமானது பேராறு. பெயரில்தான் பெரிது. மகாவலியோடு ஒப்பிட்டால் ஓடை. பாடப்புத்தகத்தின் ஆறுகள் படத்தில் பெயர் போட இடமில்லாமல் விடப்படும் வகையைச் சேர்ந்தது. ஆனால் திருகோணமலை மாவட்டத்தின் நெல், குடிநீர், கோயில், குடியேற்றம், போர், யானை என்று எதைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் கடைசியில் இந்த ஆற்றங்கரையில் வந்துதான் நிற்க வேண்டியிருக்கிறது. எனவே ஆற்றைப் பற்றியே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

எங்கிருந்து வருகிறது

கந்தளாய்க்கு மேற்கிலும் தெற்கிலும் உள்ள தாழ்ந்த மலைகளும் காடுகளும் பேராற்றின் நீரேந்து பகுதி. வடகிழக்குப் பருவமழை விழும் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் அங்குள்ள ஓடைகள் எல்லாம் கரைபுரளும். ஆனி, ஆடியில் மணல் மட்டும் கிடக்கும். மாரியில் ஓடிக் கோடையில் வற்றுவது இந்தக் கரைக்கு மட்டும் உரிய குணமல்ல. மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள சிற்றாறுகளும் குளிர்கால மழையில் பெருகிக் கோடையில் மெலிபவைதான். வேறுபாடு, நம்முடைய முன்னோர் இந்தச் சிற்றாற்றின் குறுக்கே ஏறத்தாழ 14,000 அடி நீளத்துக்கு மண்ணால் ஒரு கட்டைக் கட்டி மாரியின் நீரைக் கோடைக்குச் சேமித்து வைத்தார்கள் என்பது. அதுதான் கந்தளாய்க் குளம். இன்றைய கொள்ளளவு ஏறத்தாழ 135 மில்லியன் கனமீற்றர்.

குளத்துக்கு வருவது பேராற்றின் சொந்த நீர் மட்டுமல்ல. எலஹெரவில் அம்பன் கங்கையிலிருந்து பிரியும் கால்வாய் கிரித்தலை, மின்னேரியா குளங்களை நிரப்புகிறது. மின்னேரியாவிலிருந்து புறப்படும் பழைய யோத எல கவுடுல்லைப் பக்கமாக வந்து கந்தளாயில் முடிகிறது. 1976இல் பொல்கொல்லையில் மகாவலி திருப்பப்பட்ட பிறகு, கண்டிக்கு மேலே மலைநாட்டில் பெய்த மழையின் ஒரு பங்கும் இந்தச் சங்கிலியால் இறங்கி வருகிறது. தம்பலகாமத்தில் சிறுபோகம் விதைத்தவரின் வரம்புக்குள் நிற்கும் நீரில் தேயிலைத் தோட்டத்து மழையும் கலந்திருக்கிறது என்றால் அது வெறும் பேச்சுக்குச் சொல்வதல்ல.

ஆகவே குளத்துக்குக் கீழே பேராற்றில் ஓடுவதை இயற்கையான ஆற்று நீர் என்று சொல்ல முடியாது. துருசு திறந்தால் வாய்க்காலில் நீர் வரும், வயலுக்குள் போகும், வயலில் மிஞ்சியது வடிந்து ஆற்றில் சேரும். குளம் நிறைந்து வான் பாய்ந்தால் ஆறு ஆறாக ஓடும். மற்ற நாட்களில் அது வயல்களின் வடிகால். ஆற்றின் நீர்மட்டத்தைத் தீர்மானிப்பது மழையோடு சேர்ந்து ஒரு அலுவலகமும் ஒரு கூட்டமும். ஒவ்வொரு போகத்துக்கும் முன் நடக்கும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்தத் திகதியில் நீர் விடுவது, எப்போது நிறுத்துவது என்று முடிவாகிறது. அந்த முடிவு வாய்க்காலின் தலைப்பில் இருப்பவரை ஒரு விதமாகவும் கடைசியில் இருப்பவரை வேறு விதமாகவும் தொடுகிறது. எந்தப் பெருங்குளத்தின் கீழும் இது உண்டு. கந்தளாயின் கீழ் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. அதைச் சொல்வதற்கு முன் பழைய கதையைச் சொல்ல வேண்டும்.

குளத்தைக் கட்டியது யார்

திருகோணமலைத் தமிழர் எவரைக் கேட்டாலும் வரும் விடை குளக்கோட்டன். குளமும் கோட்டமும் கட்டியவன் என்பதால் அந்தப் பெயர். கவிராஜவரோதயன் பாடிய கோணேசர் கல்வெட்டு, கோணேசர் கோயிலைத் திருத்திய குளக்கோட்டன் அதன் நித்திய பூசைக்கு நெல் வேண்டுமென்று தம்பலகாமத்தில் 2,700 அவணம் விதைப்புத் தரையை உண்டாக்கியதாகவும், அதற்கு நீர் தரக் கந்தளாய்க் குளத்தைக் கட்டியதாகவும் சொல்லும் மரபின் மூலநூல். கோயில் தொழும்புக்குத் தானத்தார், வரிப்பத்தார் என்று குடிகளை இருத்தியதும் அந்த மரபில் வருகிறது. குளத்தைக் காக்கும் தெய்வங்களுக்குத் தம்பலகாமத்து மக்கள் குளக்கட்டில் வேள்வி செய்து வந்ததும் இதன் தொடர்ச்சி.

சிங்கள வரலாற்று மரபைக் கேட்டால் வேறு விடை. சூளவம்சம் கங்காதட வாவி என்று குறிப்பிடும் குளம் இதுதான் என்றும், அதைக் கட்டியவன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இரண்டாம் அக்கபோதி என்றும் சொல்வார்கள். எமர்சன் ரெனன்ற் போன்றவர்கள் அதற்கும் முந்திய மகாசேனனின் பெயரைச் சொன்னார்கள்.

இந்த விடைகளை வைத்துக்கொண்டு நம் காலத்தில் நடக்கும் சண்டை எல்லோருக்கும் தெரிந்ததே. எனக்கு இதில் அதிகம் சுவையாகத் தோன்றுவது கல்லில் எழுதியிருப்பது. சோழர் காலத்தில் கந்தளாய் ஒரு சதுர்வேதி மங்கலம். பெருங்குறிப் பெருமக்கள் எனப்பட்ட சபை அங்கே கூடி ஊர்க்காரியம் பார்த்திருக்கிறது. சோழரை விரட்டிய முதலாம் விஜயபாகுவின் காலத்திலும் அந்தப் பிராமணக் குடியிருப்பு கலையவில்லை. பாலமோட்டையில் கிடைத்த அவன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு, தென்கயிலாயம் என்றும் விஜயராஜ ஈஸ்வரம் என்றும் பெயர்பெற்ற சிவன் கோயிலுக்கு ஒரு பிராமணப் பெண் தன் கணவனின் நினைவாகப் பொன் கொடுத்ததைச் சொல்கிறது. அந்தத் தர்மத்தைக் காக்கும் பொறுப்பு வேளைக்காரப் படையினரிடம் விடப்பட்டது. ஒரு சிங்கள பௌத்த மன்னனின் பெயரைத் தாங்கிய சிவன் கோயில், தமிழில் கல்வெட்டு, காவலுக்குத் தமிழ்ப் படை. இன்றைய வரைபடத்தின் நிறங்களுக்குள் அடங்காத ஏற்பாடு.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் பொலன்னறுவையை ஆண்ட இரண்டாம் கஜபாகு கடைசிக் காலத்தில் கந்தளாய்க்கு ஒதுங்கி வந்து இங்கேயே இறந்தான் என்கிறது சூளவம்சம். நம்முடைய தலபுராணக் கதையிலும் கயவாகு வருகிறான். கோணேசர் கோயிலுக்குத் தீங்கு நினைத்துக் கண்ணிழந்தவன், பிறகு மனம் மாறிப் பார்வை பெற்ற இடம் இது, கண் தழைத்ததால் கண்தழை, அது மருவிக் கந்தளாய் என்று சொல்லுவார்கள். பெயர்க் காரணமாக இதை எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் இரண்டு மொழி மரபுகளும் ஒரே மன்னனை ஒரே குளக்கரைக்குக் கொண்டுவந்து நிறுத்துகின்றன. அவனுக்குப் பின் வந்த நிசங்கமல்லன் இதே ஊரில் கல்லாசனம் ஒன்றில் தன் பெயரை எழுதிவைத்தான். அதிலும் இந்த ஊர் சதுர்வேத பிரம்மபுரம்தான்.

1622ஆம் ஆண்டளவில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா திருகோணமலைக் குன்றின் மேலிருந்த கோயிலை இடித்தான். கற்கள் கோட்டைக்குப் போயின. அதன்பின் கோணேசர் வந்து சேர்ந்த இடம் தம்பலகாமம். மறைத்துவைத்துக் காப்பாற்றிய திருவுருவங்களை வைத்து அங்கே எழுந்ததே ஆதிகோணேசர் கோயில் என்பது மரபு. கடலோரக் கோயிலுக்கு நெல் அனுப்பிய வயல்வெளி கோயிலுக்கே இடம் கொடுத்தது. அந்த வயலுக்கு நீர் பேராற்றின் நீர்.

கட்டைத் திருத்திய பின்

நூற்றாண்டுகளாகப் பாழடைந்து கிடந்த குளத்தைப் பிரித்தானியர் 1870களில் திருத்தினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அதன் கீழே அரசின் குடியேற்றத் திட்டம் வந்தது. குளக்கட்டுக்கு நேர் கீழுள்ள நிலம் வெட்டி, பங்கிட்டு, வாய்க்கால் போட்டுத் தெற்கிலிருந்து கொண்டுவரப்பட்ட சிங்களக் குடும்பங்களுக்குப் பெருமளவில் கொடுக்கப்பட்டது. பேராறு, முள்ளிப்பொத்தானை போன்ற முஸ்லிம் ஊர்களும் இடையில் இருந்தன, வளர்ந்தன. பழைய தம்பலகாமத்து வயல் வாய்க்காலின் கடைசிக்குப் போனது. குளம் எந்த வயலுக்காகக் கட்டப்பட்டது என்று மரபு சொல்கிறதோ அந்த வயல் இப்போது வரிசையில் கடைசி. நான் மேலே சொன்ன இன்னொரு முகம் இதுதான். வாய்க்காலின் தலைப்பும் கடைசியும் இங்கே வெறும் நீர்ப்பாசனச் சொற்கள் அல்ல.

இதை எழுதும்போது ஒரு எச்சரிக்கையும் தேவை. தலைப்பில் இருக்கும் கமக்காரனும் ஏழைதான், அவனுக்கும் அவன் பங்குக்கு மேல் நீர் தருவது அவன் கை அல்ல. 1981 குடிசனக் கணக்கெடுப்பின்போது மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இருந்தார்கள். அந்த மூன்று பங்கும் ஒரே குளத்து நீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. இன்று திருகோணமலை நகரத்தின் குழாய்நீரும் கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிறது. ஆகவே பெரும்போகம் பொய்த்த வருடத்தில் வயலுக்கும் நகரத்துக் குடத்துக்கும் இடையிலும் போட்டி.

சீனித் தொழிற்சாலையைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. 1960களில் கரும்பும் கந்தளாயும் ஒன்றாகப் பேசப்பட்டன. 1993இல் ஆலை மூடப்பட்டது. அதை மீளத் திறப்பது பற்றிய வாக்குறுதிகள் தேர்தலோடு வந்து தேர்தலோடு போகின்றன.

1986 ஏப்ரல் 20

அன்று ஞாயிற்றுக்கிழமை. விடிவதற்கு முன், ஊர் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. 120க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1,600க்கும் மேற்பட்ட வீடுகளும் ஏறத்தாழ 2,000 ஏக்கர் நெல்வயலும் அழிந்தன. அது மாரி அல்ல, சித்திரை மாதம். கட்டைத் தாண்டிப் பாய்ந்த வெள்ளம் கட்டை உடைக்கவில்லை, கட்டே இளகியது. மண்ணால் கட்டிய அணைகள் உடையும் வழிகளில் ஒன்று, உள்ளே கசியும் நீர் கொஞ்சங் கொஞ்சமாக மண்ணை அரித்துக்கொண்டு வெளியேறுவது. வெளியே தெரியும் நேரத்தில் தடுக்க நேரமிருக்காது. கட்டின் மேல் பாரவாகனங்கள் ஓடியதும் அன்று காரணமாகப் பரவலாகப் பேசப்பட்டது. அடுத்த ஆண்டு கட்டு மீண்டும் எழுப்பப்பட்டது.

இந்த நாளை நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? நான் அதற்குப் பின் பிறந்தவன். பள்ளிக்கூடத்திலோ பத்திரிகையிலோ அல்ல, பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பேச்சில்தான் முதலில் கேள்விப்பட்டேன். அதே ஏப்ரல் மாத முடிவில் வடக்கில் இயக்கங்களுக்குள் சண்டை வெடித்தது. மே 3ஆம் திகதி கட்டுநாயக்கவில் எயார்லங்கா விமானத்தில் குண்டு வெடித்தது. திருகோணமலையில் அதற்கு முந்திய ஆண்டிலேயே ஊர்கள் எரிந்து, மக்கள் அகதிகளாகிவிட்டார்கள். நினைவுநாட்கள் நிரம்பி வழியும் நம் நாட்காட்டியில் குளம் உடைந்த நாளுக்கு இடம் கிடைக்கவில்லை. சுட்டவன் இல்லாத சாவு என்பதாலா, இறந்தவர்களில் பலர் நம்மவர் அல்லர் என்பதாலா என்று கேட்டால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அந்த வெள்ளமும் பேராற்றின் வழியே கீழே வந்து நம் களப்பில்தான் அடங்கியது.

போரின் சாவுகள் தொடர்ந்தன. 1998 பெப்ரவரி 1ஆம் திகதி தம்பலகாமம் பாரதிபுரத்தில் எட்டுத் தமிழர் கொல்லப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் சீருடையில் இருந்தவர்கள். ஊர்கள் இடம்பெயர்ந்து, திரும்பி, மறுபடி இடம்பெயர்ந்தன. ஆள் இல்லாத வயலில் முதலில் வருவது புல், பிறகு நாயுருவி, பிறகு முட்பற்றை. இரண்டு மூன்று போகம் விதைக்காமல் விட்டால் வரம்பு கரைந்துவிடும். வாய்க்கால் தூர்ந்தால் நீர் தன் பழைய பள்ளத்தைத் தேடிப் போகும். மீள்குடியேற வந்தவர்களில் பலருக்குக் காணி உறுதியில் வயல் என்றிருந்தது, கண்முன் காடு இருந்தது. சில இடங்களில் அந்தக் காட்டை வேறு திணைக்களம் தனது என்று சொன்னது.

யானைக்கு யாரும் உறுதி கொடுக்கவில்லை

காட்டோடு யானை வந்தது. அல்லது யானை அங்கேயே இருந்தது, நடுவில் கொஞ்சக்காலம் நாம் அதைக் காணவில்லை. கந்தளாய்க்குத் தெற்கே கவுடுல்லைக் குளத்தைச் சுற்றி ஏறத்தாழ 6,900 ஹெக்டேயர் காடு 2002 ஏப்ரலில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தான இரண்டாம் மாதம் அது. வைகாசி தாண்டிக் காடு காய்ந்ததும் யானைகள் மின்னேரியா, கவுடுல்லைக் குளங்களின் வற்றிய கரைக்கு வருகின்றன. நீர் இறங்கிய சேற்றில் முளைக்கும் இளம்புல்தான் காரணம். ஆசியாவில் காட்டுயானைகள் இவ்வளவு எண்ணிக்கையில் ஒன்றுகூடும் இடம் வேறில்லை என்று உல்லாசப் பயணத்துறை விளம்பரம் செய்கிறது. அந்தப் புல் முளைப்பதும் துருசு திறப்பதைப் பொறுத்ததே. கோடையிலும் குளத்தை நிரம்ப வைத்திருந்தால் கரை வெளியே வராது, புல் இராது, யானை வயலைத் தேடும்.

2011இல் எடுத்த கணக்கில் இலங்கையில் 5,879 யானைகள். 2019 தொடக்கம் ஆண்டுக்கு 400க்கும் மேல் சாகும் வருடங்கள் வந்திருக்கின்றன. துவக்கு, மின்சாரம், பழத்துக்குள் வைக்கும் வெடி, புகையிரதம். கல்லோயாச் சந்தியில் பிரிந்து ஒரு பாதை கந்தளாய், தம்பலகாமம் வழியாகத் திருகோணமலைக்கும் மற்றது மட்டக்களப்புக்கும் போகிறது. 2025 பெப்ரவரி 20ஆம் திகதி மட்டக்களப்புப் புகையிரதம் ஹபரணைக்கு அருகே யானைக் கூட்டமொன்றில் மோதியதில் ஆறு யானைகள் செத்தன. மறுபக்கத்தில் யானை அடித்துச் செத்த கமக்காரர்களின் வீடுகளும் இருக்கின்றன. வயல்காவலுக்குப் பரணில் படுத்த ஒருவருக்கு யானையின் புனிதத்தைப் பற்றிப் பேசும் துணிவு எனக்கில்லை.

ஆற்றின் கரையில் இப்போதும் மருதமரம் உண்டு. வெள்ளைப்பட்டையும் வேர்முண்டுகளுமாகக் கரையைப் பிடித்துக்கொண்டு நிற்பது. மேட்டில் பாலை, வீரை, முதிரை, கருங்காலி. பெறுமதியான மரங்களான முதிரையும் கருங்காலியும் போர்க்காலத்திலும் அதற்குப் பிறகும் யார் யாராலோ வெட்டப்பட்டன. இதில் எல்லாச் சீருடைகளுக்கும் சீருடை இல்லாதவர்களுக்கும் பங்குண்டு. குளத்திலும் ஆற்றுமடுவிலும் விரால், உழுவை, கெளுத்தி, பனையேறி. 1952இல் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா இன்று குளத்து மீன்பிடியின் முதுகெலும்பு. வலைக்காரரின் அடுப்பை எரியவைப்பது அதுதான். குளத்து முதலை மடுக்களில் இருக்கிறது. முகத்துவாரத்துப் பக்கம் போனால் அதைவிடப் பெரிய உவர்நீர் முதலையின் எல்லை. இலங்கையில் இந்த இரண்டு இனங்களும் உண்டு, இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால் ஆபத்தின் அளவு சிலருக்குப் பிடிபடுவதில்லை.

சிப்பி

பேராறு களப்பில் சேரும் பக்கத்தில் சேறு ஆழமானது. கண்டலும் தில்லையும் நிற்கும் விளிம்பைத் தாண்டினால் முழங்கால் வரை இறங்கும். தில்லையின் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும் என்று மீனவர் எச்சரிப்பார்கள், அது வீண் பயமல்ல. ஐப்பசிக்குப் பிறகு வடக்கிலிருந்து வரும் கரைப்பறவைகள் வற்று நேரத்தில் இந்தச் சேற்றில் கூட்டமாக மேயும். சித்திரையில் போய்விடும். கூழைக்கடாவும் நாரையும் நீர்க்காகமும் வருடம் முழுக்க உண்டு.

அந்தச் சேற்றுக்குள் ஒரு சிப்பி இருக்கிறது, அல்லது இருந்தது. தட்டையானது, உள்ளங்கை அளவு, ஓடு ஒளி ஊடுருவும் அளவு மெல்லியது. பிலிப்பைன்சில் இதே இனத்தின் ஓட்டைச் சதுரமாக வெட்டி ஜன்னலில் கண்ணாடிக்குப் பதிலாகப் போடுவார்கள். தம்பலகாமக் களப்பில் அதை எடுத்தது உள்ளிருக்கும் சிறு முத்துக்காக. மன்னார் முத்தைப் போல் நகைக்குக் கோக்கும் தரமில்லாதது. அதை இந்தியாவுக்கு அனுப்பினார்கள், அங்கே வசதிபடைத்தவர்கள் சுட்டுச் சுண்ணாம்பாக்கி வெற்றிலையோடு சேர்த்துக்கொண்டார்கள். முத்தைச் சுண்ணாம்பாக்கிச் சப்பித் துப்பும் செல்வம் எப்படிப்பட்டது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

அரசாங்கம் இந்தச் சிப்பிக் குத்தகையை ஏலம் விட்டது. 1858க்கு முந்திய மூன்று ஆண்டுகளில் மட்டும் குத்தகைக்காரர் எடுத்த சிப்பி ஒரு கோடியே எண்பது இலட்சத்துக்குக் குறையாது என்று எமர்சன் ரெனன்ற் 1859இல் வெளியான தன் நூலில் எழுதுகிறார். இலங்கையின் இயற்கையியலாளரான கெலார்ட் அந்தக் காலத்தில் இங்கே வந்து சிப்பியை ஆராய்ந்தார். அரை நூற்றாண்டுக்குப் பின் ஜேம்ஸ் ஹோர்னெல் இந்தக் களப்பின் சிப்பி மீன்பிடிப்பைப் பற்றித் தனி அறிக்கையே எழுதினார். ஒரு சின்னஞ்சிறு களப்புக்கு இது பெரிய கவனம்.

சிப்பியின் உயிர் நீரின் உப்பில் இருக்கிறது. கடலும் ஆறும் கலந்த மென்சேறு அதற்கு வேண்டும். மாரியில் நன்னீர் அளவுக்கு மிஞ்சி வந்து பல நாள் தங்கினால் படுகை படுகையாகச் செத்துவிடும். ஆற்று நீர் போதாமல் போனாலும் களப்பு மாறிவிடும். குளத்திலிருந்து எவ்வளவு நீர் விடுகிறார்கள், வயலிலிருந்து என்ன வடிகிறது, வடிந்ததில் எவ்வளவு யூரியா, எவ்வளவு களைநாசினி என்பதெல்லாம் கடைசியில் இந்தச் சேற்றில் வந்து நிற்கிறது. பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் தலைப்பு வாய்க்காலுக்கும் கடைசி வாய்க்காலுக்கும் கதிரை உண்டு. களப்பில் இறாலும் நண்டும் பிடிப்பவருக்கு நான் அறிந்தவரை கதிரை இல்லை. மண்டலையும் அணை நிறுத்துகிறது. ஸ்பெயினில் எப்ரோ ஆற்றின் கழிமுகத்தில் நம்மைப் போலவே நெல் விதைக்கிறார்கள். மேலே கட்டிய அணைகள் வண்டலைத் தடுத்துவிட்டதால் அந்தக் கழிமுகத்தைக் கடல் தின்றுவருகிறது என்று அங்கே கமக்காரரும் மீனவரும் சேர்ந்து பல ஆண்டுகளாகச் சத்தமிடுகிறார்கள். பேராற்றின் வண்டல் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கந்தளாயில் தங்குகிறது. இங்கே அந்தக் கணக்கு எழுப்பும் சத்தம் இன்னும் கேட்கவில்லை.

சிப்பி முன்போல் இல்லை என்று களப்புக்குப் போகும் எவரும் சொல்வார்கள். கரையில் உடைந்த ஓடுகள் கிடக்கும். போர்க்காலத்தில் களப்பில் இறங்கவே அனுமதி தேவைப்பட்டது. சீனன்குடாவில் விமானத்தளம், அப்பால் எண்ணெய்க் குதங்கள், உட்துறைமுகத்தில் கடற்படை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட நாளிலிருந்து இந்தக் கரையின் வானமும் நீரும் இராணுவக் கணக்கிலேயே இருக்கின்றன. ஆள் குறைந்த அந்த ஆண்டுகளில் களப்பு கொஞ்சம் ஓய்வெடுத்தது என்று சொல்லுகிறவர்கள் உண்டு. கண்டல் சில இடங்களில் தழைத்தது உண்மைதான். வலை போடப் போனவன் திரும்பி வராத வீட்டில் நின்று அதைச் சொல்ல முடியாது.

கிண்ணியாவில் முன்பு பாதை என்று சொல்லும் மிதவையில் ஏறித்தான் அக்கரை போகவேண்டும். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளப் பாலம் திறந்தார்கள். அந்தப் பாலத்தின் நடுவில் நின்று வற்று நேரத்தில் பார்த்தால் தம்பலகாமக் குடாவிலிருந்து கலங்கிய நீர் கொட்டியாரக் குடாவுக்குள் இழுபடுவது தெரியும். அங்கிருந்து கடலடி ஒரு ஆழ்பள்ளத்தாக்காக இறங்குகிறது, அதன் வெளிவாயில் வைகாசி, ஆனியில் நீலத்திமிங்கிலங்கள் வருகின்றன. பெருக்கு நேரத்தில் நீர் எதிர்ப்பக்கம் திரும்பும், தெளிந்த நிறத்தில் உள்ளே ஏறும். பாலத்தின் கீழ் வீச்சுவலைக்காரர் இந்த இரண்டுக்கும் இடையிலான அரை மணி நேரத்துக்குத்தான் காத்திருக்கிறார்கள்.